விலைவாசியை எதிர்த்துக் கிளம்பிய குடும்பப் பெண்கள்!

பெரிய கடைகளைக் கலங்க வைத்த கதை

1966-ம் ஆண்டு, அக்டோபர் மாதம்.

அமெரிக்காவில் ராக்கி மலையின் அடிவாரத்தில் டென்வர் என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த நகரத்துப் பெரிய மளிகைக் கடைகளின் வாசலில் திடீரென்று பெண்கள் கூட்டம் கூடியது.

அது சாமான் வாங்க வந்த கூட்டம் அல்ல. "இந்தக் கடையில் வாங்காதீர்கள்" என்று சொல்ல வந்த கூட்டம்!

அவர்கள் கையில் அட்டைகள் இருந்தன. "விலையைக் குறை" என்பதுதான் அவற்றில் எழுதியிருந்த கோரிக்கை.

அந்தப் பெண்கள் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்ல. சமையல் செய்து, துணி துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள்.

பணக்கார நாடு என்று பெயர் பெற்ற அமெரிக்காவில் குடும்பப் பெண்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்?

கோபம் ஏன்?

அப்போது வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க அரசாங்கம் அதற்காகப் பணத்தை வாரி இறைத்தது. நாட்டில் பணப் புழக்கம் கூடியது. பொருள்களின் விலையும் கூடியது.

ஒரே ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை சுமார் 5 சதவீதம் உயர்ந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக விலை அவ்வளவாக ஏறாமல் இருந்தது. அதனால் இந்த ஏற்றம் குடும்பங்களைச் சுருக்கென்று தைத்தது.

ரொட்டி விலை ஏறியது. பால் விலை ஏறியது. இறைச்சி விலையும் ஏறியது. புருஷனின் சம்பளம் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை.

விலை ஏற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெண்களுக்கு ஆத்திரம் மூட்டியது வேறொன்று. எந்தக் கடையில், எந்தப் பொட்டலம் மலிவு என்று அவர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை!

கடை பிறந்த கதை

"சூப்பர் மார்க்கெட்" என்ற பெரிய கடையே மலிவு விலைக்காகப் பிறந்ததுதான்.

பழைய நாளில் அமெரிக்காவிலும் நம் ஊர் மளிகைக் கடையைப் போலத்தான் வியாபாரம் நடந்தது. கடைக்காரர் உள்ளே நிற்பார். வாங்குகிறவர் வெளியே நிற்பார். கேட்டதை எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார்கள்.

1916-ம் ஆண்டு மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற வியாபாரி அந்த வழக்கத்தை மாற்றினார். வருகிறவர்கள் உள்ளே நுழைந்து, வேண்டிய சாமானைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார். கடைச் சிப்பந்திகளின் சம்பளம் மிச்சமாயிற்று.

1930-ம் ஆண்டு, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், மைக்கேல் கல்லன் என்பவர் நியூயார்க்கில் மிகப் பெரிய கடை ஒன்றைத் திறந்தார். சாமான்களைக் குவித்து வைத்துக் குறைந்த லாபத்துக்கு விற்றார். ஜனங்கள் மொய்த்தார்கள்.

1937-ம் ஆண்டு சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கடைக்குள் கொண்டுவந்தார். கையில் கூடை தூக்கினால், கனத்ததும் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் அல்லவா? வண்டி இருந்தால் இன்னும் வாங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு.

இப்படி வளர்ந்த கடையில் ஒன்று மட்டும் காணாமல் போயிற்று. கண் எதிரே தராசில் நிறுத்துக் கொடுக்கும் வழக்கம்தான் அது! எல்லாம் பெட்டியில், டப்பாவில், புட்டியில் அடைபட்டு வந்தன.

"ராட்சதப் படி" உண்டா?

அந்தப் பெட்டிகளில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள்.

ஒரு பெட்டியின் மேல் "பெரியது" என்று போட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியில் "ராட்சத அளவு" என்று இருக்கும். இன்னொன்றில் "குடும்ப அளவு" என்று இருக்கும். ஆனால் உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை, மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

"குவார்ட்டு" என்பது அங்கே ஒரு முகத்தல் அளவு. சில புட்டிகளில் "ராட்சதக் குவார்ட்டு" என்று எழுதினார்கள். குவார்ட்டு என்றால் குவார்ட்டுதான். அதில் ராட்சதன் ஏது, குள்ளன் ஏது? நம் ஊரில் "ராட்சதப் படி" என்று ஒருவர் விற்றால் சிரிக்க மாட்டோமா?

எடையிலும் குழப்பம். 16 அவுன்சு சேர்ந்தது ஒரு பவுண்டு. ஆனால் பொட்டலங்களோ 14½ அவுன்சு, 3 பவுண்டு 1 அவுன்சு என்று விசித்திரமான எடைகளில் வந்தன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சோப்புத்தூள் பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்னப் பெட்டி 1 பவுண்டு 4 அவுன்சு. விலை 33 சென்ட். பெரிய பெட்டி 3 பவுண்டு 1 அவுன்சு. விலை 83 சென்ட். எது மலிவு?

"பெரியதுதான்" என்று பலரும் சொல்வார்கள். அது தவறு!

சின்னப் பெட்டியில் 20 அவுன்சு. ஒரு அவுன்சுக்கு 1.65 சென்ட். பெரிய பெட்டியில் 49 அவுன்சு. ஒரு அவுன்சுக்கு 1.69 சென்ட். பெரிய பெட்டியை வாங்கியவருக்குத்தான் நஷ்டம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு, அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டு, இந்தக் கணக்கை யாரால் மனத்தில் போட முடியும்?

33 பெண்களுக்குப் பரீட்சை

இதை ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். அவர் பெயர் மன்ரோ ஃபிரீட்மன். மிச்சிகன் மாநிலத்தில் மனோதத்துவ ஆசிரியர்.

திருமணமான இளம் பெண்கள் 33 பேரை அவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். 20 வகைச் சாமான்களைச் சொன்னார். ஒவ்வொரு வகையிலும் எது மிக மலிவோ அதை எடுக்கச் சொன்னார்.

அவர்கள் படித்த பெண்கள். மலிவானதைத்தான் தேட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும், எடுத்தவற்றில் 100-க்கு 43 தவறாகப் போயின!

இந்த முடிவு 1966-ம் ஆண்டு வெளிவந்தது. ஏமாறுவது பெண்களின் கவனக்குறைவால் அல்ல, பொட்டலங்கள் போடப்பட்ட விதத்தால் என்பது வெளிச்சமாயிற்று.

இலவசம் என்ற தூண்டில்

இன்னொரு தந்திரமும் இருந்தது. அதற்குப் பெயர் பரிசு ஸ்டாம்பு.

10 சென்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு ஸ்டாம்பு கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு புத்தகத்தில் ஒட்ட வேண்டும். புத்தகம் நிறைய 1,200 ஸ்டாம்பு ஒட்டியதும், அதைக் கொடுத்துவிட்டுப் பாத்திரமோ, விளக்கோ வாங்கிக்கொள்ளலாம்.

கணக்குப் பாருங்கள். ஒரு புத்தகம் நிறைய 120 டாலருக்குச் சாமான் வாங்கியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் பரிசின் மதிப்போ சுமார் 3 டாலர்.

ஸ்டாம்பு அச்சடிக்கும் கம்பெனிக்குக் கடைக்காரர் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? சாமான் விலையில் இருந்துதான்!

போதாததற்குச் சில கடைகளில் அதிர்ஷ்டச் சீட்டு விளையாட்டு வேறு நடத்தினார்கள். "எங்களுக்கு விளையாட்டு வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம். அந்தச் செலவை விலையில் குறையுங்கள்" என்பதுதான் டென்வர் பெண்களின் வாதம்.

டெலிபோனில் பரவிய போர்

அந்தப் பெண்களிடம் பணம் இல்லை. ஆபீசு இல்லை. வீட்டில் டெலிபோன் இருந்தது.

ஒருத்தி சிலருக்குப் பேசினாள். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் சிலருக்குப் பேசினார்கள். "பெரிய கடைகளுக்குப் போக வேண்டாம். சின்னக் கடையில் வாங்குவோம்" என்ற செய்தி நகரம் முழுவதும் பரவியது.

எப்போதும் கூட்டம் நெரியும் கடைகளில் தள்ளுவண்டிகள் சும்மா நின்றன. சில கடைகள் பணிந்து வந்தன. விலையைக் குறைத்தன.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. அவ்வளவுதான். சில வாரங்களுக்குள் பல மாநிலங்களில் பெண்கள் மறியலில் இறங்கினார்கள்.

கடைக்காரர்கள் சொன்ன பதில்

கடைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"நூறு டாலர் வியாபாரத்தில் ஒன்று அல்லது ஒன்றரை டாலர்தான் எங்களுக்கு லாபம் நிற்கிறது. விவசாயியிடம் விலை ஏறினால் நாங்கள் என்ன செய்வது?" என்பது அவர்கள் கட்சி. லாபக் கணக்கைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான்.

பகிஷ்காரம் வெகுநாள் நீடிக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பெண்கள் மெள்ள மெள்ளக் கடைக்குத் திரும்பினார்கள். குறைந்த விலைகளும் மெள்ள மெள்ள ஏறின.

அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீணா? இல்லை. விலை குறைந்தது சில நாள்தான். ஆனால் வேறொரு பலன் நிலைத்து நின்றது.

வழி காட்டிய பெண்மணி

1962-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதி ஜனாதிபதி கென்னடி அமெரிக்க பார்லிமெண்டுக்கு ஒரு செய்தி அனுப்பினார். பொருள் வாங்குகிறவர்களுக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று அதில் சொன்னார். பாதுகாப்பான பொருளைப் பெறும் உரிமை, விவரம் அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, குறையைச் சொல்லும் உரிமை ஆகியவையே அந்த நான்கு. மார்ச் 15-ந்தேதியை உலக நுகர்வோர் உரிமை தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

கென்னடிக்குப் பின் வந்த ஜனாதிபதி ஜான்சன், 1964-ம் ஆண்டு இந்த வேலைக்கென்றே ஒரு பெண்மணியைத் தனி ஆலோசகராக நியமித்தார். அவர் பெயர் எஸ்தர் பீட்டர்சன்.

பொட்டலங்களில் உண்மையை எழுத வேண்டும் என்று சட்டம் கொண்டுவர, செனட்டர் பிலிப் ஹார்ட் என்பவர் 1961-ம் ஆண்டு முதலே போராடிவந்தார். பெரிய கம்பெனிகள் விடாமல் எதிர்த்தன. எஸ்தர் பீட்டர்சன் ஹார்ட்டுக்குத் துணை நின்றார்.

டென்வர் மறியல் நடந்த சில நாள்களுக்குள், 1966-ம் ஆண்டு நவம்பர் 3-ந்தேதி, அந்தச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். நிகர எடையைப் பொட்டலத்தின் முகப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும் என்று ஆயிற்று. "ராட்சதக் குவார்ட்டு" போன்ற சொற்களுக்கும் தடை வந்தது.

ஆனால் எந்தப் பொட்டலம் மலிவு என்ற கணக்கு இன்னும் பெண்கள் தலையில்தான் இருந்தது.

நெத்திலி மீனும் கோழி விலையும்

அதற்குள் அடுத்த இடி விழுந்தது.

1972-ம் ஆண்டு ரஷ்யாவில் விளைச்சல் பொய்த்தது. ரஷ்ய அரசாங்கம் அமெரிக்கக் கோதுமையைச் சத்தம் போடாமல் லட்சக்கணக்கான டன் வாங்கிவிட்டது. கோதுமை விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

அதே சமயம் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடல் சூடேறியது. நெத்திலி இனத்து மீன்கள் மறைந்தன. 1970-ம் ஆண்டு அங்கே பிடிபட்ட மீன் சுமார் 120 லட்சம் டன். 1973-ம் ஆண்டு பிடிபட்டது சுமார் 20 லட்சம் டன்தான்.

நெத்திலிக்கும் அமெரிக்கச் சமையலறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த மீனை அரைத்துத் தூளாக்கித்தான் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாகப் போட்டார்கள். மீன் போனதும் எல்லோரும் சோயாவைத் தேடி ஓடினார்கள். சோயா விலை எகிறியது. தீனி விலை ஏற, கோழி விலை ஏறியது. முட்டை விலையும் இறைச்சி விலையும் கூடவே ஏறின.

1973-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் அமெரிக்காவில் உணவுப் பொருள் விலை சுமார் 20 சதவீதம் உயர்ந்தது!

பெண்கள் மறுபடியும் கிளம்பினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் "ஒரு வாரம் இறைச்சி வாங்க மாட்டோம்" என்று நாடு முழுவதும் பகிஷ்காரம் நடந்தது. ஈரல், மூளை, இருதயம் போன்ற மலிவான பாகங்களைச் சமைத்துப் பார்க்கும்படி அரசாங்க ஆலோசகரே யோசனை சொன்னார். சில ஊர்களில் குதிரை இறைச்சிகூட விலை போயிற்று.

பகிஷ்காரத்துக்கு மூன்று நாள் முன்பே ஜனாதிபதி நிக்சன் இறைச்சிக்கு உச்ச விலை கட்டிவிட்டார். ஆனால் தீனி விலையை அவரால் கட்ட முடியவில்லை. பிற்பாடு, கோழி வளர்த்தால் நஷ்டம் என்று டெக்சாசில் பல்லாயிரம் கோழிக் குஞ்சுகளைப் பீப்பாய்த் தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள். நாடே டெலிவிஷனில் அதைப் பார்த்துத் திடுக்கிட்டது.

விலைவாசிக்குக் காரணம் ஒரு கடைக்காரரிடம் மட்டும் இல்லை, கடல் கடந்தும் இருக்கிறது என்பதை ஜனங்கள் உணர்ந்தார்கள்.

அலமாரியில் ஒரு சின்னச் சீட்டு

கடல் சூட்டைக் குடும்பப் பெண்ணால் தணிக்க முடியாது. ஆனால் ஏமாறாமல் வாங்க முடியும் அல்லவா?

எஸ்தர் பீட்டர்சன் 1967-ம் ஆண்டு ஜனாதிபதியின் ஆலோசகர் பதவியை விட்டு விலகியிருந்தார். 1970-ம் ஆண்டு, வாஷிங்டன் பகுதியில் இருந்த "ஜயண்ட் ஃபுட்" என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் அவரை ஆலோசகராக அழைத்தது. கடைகளைக் குறை சொன்னவரே கடைக்குள் வேலைக்குப் போனார்!

அங்கே அவர் ஒரு புதுமை செய்தார். அலமாரியில் ஒவ்வொரு சாமானுக்குக் கீழேயும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. அதில் இரண்டு விலைகள் இருந்தன. ஒன்று, பொட்டலத்தின் விலை. மற்றொன்று, அதே சரக்கு ஒரு பவுண்டு என்ன விலை என்பது.

பொட்டலம் எந்த உருவத்தில் இருந்தால் என்ன? இரண்டாவது விலையைப் பார்த்தால் போதும். வகுத்தல் கணக்கு வேண்டாம். எது மலிவு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சாமான் கெட்டுப்போகும் தேதியும் அதுவரை ரகசியக் குறியீட்டில்தான் இருந்தது. கடைக்காரருக்கு மட்டுமே அது புரியும். அதையும் எல்லோருக்கும் புரியும்படி வெளிப்படையாக அச்சிடச் செய்தார்.

மாசசூசெட்ஸ் முதலிய சில மாநிலங்கள் விலைச் சீட்டைச் சட்டமாக்கின. பல நாடுகளும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் அமெரிக்காவில் இன்றுகூட எல்லா மாநிலங்களிலும் அந்தச் சட்டம் இல்லை.

ஏழைக்கு எட்டியதா?

இந்தக் கதையில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு.

சீட்டு ஒட்டிய பிறகு ஆராய்ச்சி செய்தார்கள். அதை அதிகமாகப் படித்துப் பயன்படுத்தியவர்கள் யார்? படித்த, வசதியான குடும்பத்தார்! காசு மிச்சமாவது யாருக்கு அவசியமோ, அந்த ஏழைகள் அதைக் குறைவாகவே பயன்படுத்தினார்கள்.

அன்றாடக் கூலிக்காரர் அன்றைக்கு வேண்டியதை மட்டும் சின்னப் பொட்டலமாக வாங்குவார். அதில் எடைக்கு எடை விலை அதிகம். பெரிதாக வாங்க அவர் கையில் மொத்தமாகப் பணம் இருக்காது. ஆகவே ஏழைதான் அதிக விலை கொடுக்கிறார்.

சீட்டைப் படிக்கும் பழக்கமாவது அவருக்கு வந்தால், தன்னால் வாங்க முடிந்தவற்றுள் எது மலிவு என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

விலை ஏறாமல் விலை ஏற்றுவது

2022-ம் ஆண்டு உலகெங்கும் மறுபடியும் விலை ஏறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்கக் கடைகளில் உணவுப் பொருள் விலை முந்தின ஆண்டைவிட 13.5 சதவீதம் உயர்ந்திருந்தது. 1979-ம் ஆண்டுக்குப் பிறகு அப்படி ஏறியதே இல்லை.

அப்போது பழைய தந்திரம் ஒன்று மறுபடியும் தலைகாட்டியது. பொட்டலத்தின் விலை அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் குறைந்திருக்கும்! எடையைப் படிக்காதவர், விலை ஏறவில்லை என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்.

பிரான்சு நாட்டில் 2024-ம் ஆண்டு ஜூலை முதல் இதற்குக் கடிவாளம் போட்டார்கள். சரக்கைக் குறைத்துவிட்டு விலையைக் குறைக்காவிட்டால், அந்த விவரத்தைப் பெரிய கடைகள் எழுதி வைத்தாக வேண்டும்.

நம் வீட்டுப் பொட்டலத்திலும் உண்டு

எஸ்தர் பீட்டர்சன் ஒட்டிய சீட்டின் தங்கை இன்று நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறாள்.

இந்தியாவில் பொட்டலப் பொருள் விதிகள் 2021-ம் ஆண்டு திருத்தப்பட்டன. அதன்படி மொத்த விலையோடு, ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலமானால் கிலோ விலை போட வேண்டும். எண்ணெய் போன்றவற்றுக்கு மில்லி லிட்டர் விலை அல்லது லிட்டர் விலை.

உதாரணத்துக்கு, ஒரே பருப்பு மூன்று பொட்டலங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

200 கிராம், 34 ரூபாய். ஒரு கிராம் 17 காசு.

500 கிராம், 80 ரூபாய். ஒரு கிராம் 16 காசு.

ஒரு கிலோ, 165 ரூபாய். ஒரு கிராம் 16½ காசு.

நடுப் பொட்டலம்தான் மலிவு. பெரியதை எடுத்தவர் கிலோவுக்கு 5 ரூபாய் இழக்கிறார். சின்னதை எடுத்தவர் கிலோவுக்கு 10 ரூபாய் இழக்கிறார்.

கடைக்குப் போகும்போது நாலு விஷயங்களை நினைவில் வைத்தால் போதும்.

1. மொத்த விலையை மட்டும் பார்க்காமல், கிராம் விலையைப் பாருங்கள்.

2. வழக்கமாக வாங்கும் பொட்டலமானாலும் எடையை மறுபடி படியுங்கள். போன மாத எடை இந்த மாதம் இருக்கிறதா?

3. இலவசமாக ஒரு டப்பா கொடுத்தால், டப்பா இல்லாத பொட்டலத்தின் கிராம் விலையோடு ஒப்பிடுங்கள்.

4. மலிவு என்று வாங்கிய சாமான் வீட்டில் புழுத்துப்போனால் அது மலிவு அல்ல. கெடும் தேதியைப் பாருங்கள். பஸ் செலவையும் கணக்கில் சேருங்கள்.

டென்வர் நகரத்துப் பெண்கள் அட்டை பிடித்து நின்றபோது, ஒரு நல்ல சட்டமோ ஒரு சின்னச் சீட்டோ கிடைக்கும் என்று எதிர்பார்த்து நிற்கவில்லை. அந்த மாதச் செலவைச் சமாளிக்கத்தான் நின்றார்கள்.

இன்று அந்தச் சீட்டைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எண் தெரிந்தால் போதும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எண் படிக்கத் தெரிந்த பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். எந்தப் பொட்டலம் மலிவு என்று அவனிடமே கேளுங்கள்.

கணக்குப் பாடமும் ஆயிற்று. காசும் மிச்சம்!